வெண்பனி மூடும் சாலைகள்

பனி என்னும் சொல்லை நாம் அன்றாடம் வழங்குகிறோம். மார்கழி விடியலில் பரங்கிமலையின் படிகளை மறைத்து நிற்பதும் நமக்குப் பனியே. புல்லின் நுனியில் மின்னும் துளியும் பனியே. இமயத்தின் முடியை மூடிக் கிடப்பதும் பனியே. முதல் இரண்டையும் நாம் கண்ணால் கண்டவர்கள். மூன்றாவதைப் படத்தில் கண்டவர்களே நம்மில் பெரும்பாலோர். ஆயினும் வெண்பனியோடு தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஒரு பழைய உறவு உண்டு. கொளுத்தும் கோடையில், ஆகஸ்டு 5-ஆம் நாள், உரோமை நகரின் குன்றொன்றில் வெண்பனி பொழிந்தது என்னும் மரபை ஒட்டி எழுந்த திருப்பெயரே பனிமய மாதா. பனியே பெய்யாத தூத்துக்குடிக் கடற்கரையில் அந்த அன்னையின் ஆலயம் இருக்கிறது. 1982-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அதனைப் பேராலயமாக உயர்த்தினார்.

இன்று அந்த உறவு வேறொரு வகையில் வளர்ந்திருக்கிறது. ஆதம்பாக்கத்தில் எத்தனையோ இல்லங்களின் பிள்ளைகள் டொரண்டோவிலும் சிகாகோவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அருகே பரங்கிமலையில் 1963 முதல் இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இயங்கி வருகிறது. அங்கே பயின்றவர்களும், நம் ஊர்களிலிருந்து படையில் சேர்ந்தவர்களும் இலடாக்கின் உறைபனியில் காவல் புரிகின்றனர். “இங்கே இரண்டடி பனி, அம்மா; வண்டியை எடுக்கவே முடியவில்லை” என்று மகன் தொலைபேசியில் சொல்லும்போது தாய்க்கு அதன் பொருள் முழுவதும் விளங்குவதில்லை. அந்த இரண்டடி பனியை அந்த நாடுகள் எவ்வாறு சமாளிக்கின்றன? அதனால் நாம் கற்க வேண்டியது ஏதும் உண்டா? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

பஞ்சின் எடை

வெண்பனி பார்ப்பதற்குப் பஞ்சு போன்றது. புதிதாக விழுந்த ஒரு கன மீட்டர் பனியின் எடை ஏறத்தாழ 50 முதல் 100 கிலோவரை இருக்கும். ஆறு மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவை எண்ணிப் பார்ப்போம். அதன் நீளம் ஒரு கிலோமீட்டர். விழுந்த பனியின் உயரம் 30 சென்டிமீட்டர், அதாவது ஓரடி. கணக்கிட்டால் 1,800 கன மீட்டர் பனி. எடை 180 டன் வரை ஆகும். ஒரே இரவில், ஒரே தெருவில் சேர்ந்த சுமை இது.

இதைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. வண்டிச் சக்கரங்கள் ஏறியிறங்க, பஞ்சு போன்ற பனி நசுங்கிப் பாறையாகிறது. பகலில் சற்று உருகி இரவில் மீண்டும் உறையும்போது அது கண்ணாடியாகிறது. அதன்மேல் சென்ற வண்டியின் தடையை மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை. ஆகவே பனி நாடுகளில் சாலைப் பணியாளர்களுக்குப் பாடம் ஒன்றே: பனி இறுகுமுன் அகற்ற வேண்டும். நள்ளிரவானாலும், பெருநாளானாலும், பனி பொழியத் தொடங்கியவுடனே வண்டிகள் புறப்பட்டாக வேண்டும்.

தள்ளுவது, வீசுவது, சுமப்பது

முன்புறம் பெரிய இரும்புப் பலகை பொருத்திய கனரக வண்டிகள் பனியைச் சாலையோரத்திற்குத் தள்ளுவது முதல் வழி. ஓரத்தில் இடம் உள்ள நாட்டுப்புறத்திற்கு இது போதும். நெருக்கமான நகரில் தள்ளிய பனி எங்கே போகும்? இந்த வினாவிற்கு விடை கண்டவர் கனடா நாட்டின் ஆர்த்தர் சிக்கார் என்பவர். கதிரடிக்கும் இயந்திரத்தின் அமைப்பைப் பின்பற்றி, பனியை அள்ளித் தொலைவில் வீசும் இயந்திரத்தை அவர் 1925-இல் உருவாக்கினார். 1927-இல் மொன்றியால் நகரை அடுத்த ஊட்ரமோன் ஊராட்சி அதனை முதன்முதலாக விலைக்கு வாங்கியது.

இன்று மொன்றியால் நகரம் பனியகற்றும் பணியைப் போர்க்கால ஒழுங்குடன் நடத்துகிறது. சாலையும் நடைபாதையுமாக அங்கே சுத்தம் செய்ய வேண்டிய நீளம் சுமார் 10,000 கிலோமீட்டர். ஓர் ஆண்டில் வாரியெடுத்துச் செல்லும் பனி சுமார் 1 கோடியே 20 இலட்சம் கன மீட்டர். முதலில் தெருவில் எச்சரிக்கைப் பலகை வைப்பர். பின் சங்கொலி எழுப்புவர். அதற்குள் அகற்றாத வண்டிகளை நகராட்சியே இழுத்துச் சென்றுவிடும். பனி வீசும் இயந்திரம் ஊர்ந்து செல்ல, அதன் பக்கத்தில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பனியை ஏற்றிக்கொள்கின்றன. முற்காலத்தில் அந்தப் பனியைப் புனித இலாரன்ஸ் ஆற்றில் கொட்டினர். அதில் கலந்திருக்கும் உப்பும் எண்ணெயும் ஆற்றைக் கெடுப்பதை உணர்ந்து அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். இப்போது பழைய கற்சுரங்கப் பள்ளத்தில் கொட்டுகின்றனர். அங்கே மலைபோல் குவியும் பனி உருகக் கோடைகாலம் வேண்டியிருக்கிறது.

உப்பின் உதவியும் கேடும்

இரண்டாவது வழி உப்பு. தூய நீர் சுழியில் உறையும். உப்பு கலந்த நீர் சுழிக்குக் கீழே சென்றாலும் உறையாது. சாலையில் தூவிய உப்பு, பனியின் மேற்பரப்பிலுள்ள ஈரத்தில் கரைந்து, சுற்றியுள்ள பனியையும் உருக்குகிறது. ஆயினும் குளிர் சுழிக்குக் கீழே 10 பாகையைத் தாண்டும்போது உப்பின் வேகம் குறைகிறது. 21 பாகைக்குக் கீழே உப்பு நீரே உறைந்துவிடும். அத்தகைய கடுங்குளிரில் கால்சியம் குளோரைடு என்னும் வேறு வகை உப்பைத் தெளிப்பர். அல்லது சக்கரம் வழுக்காதிருக்க மணலையும் பொடிக்கல்லையும் தூவுவர்.

அமெரிக்க ஐக்கிய நாடு மட்டுமே சாலைகளுக்காக ஆண்டுதோறும் ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்ட உப்பைச் செலவிடுகிறது. டிட்ராய்ட் நகரின் அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே ஓர் உப்புச் சுரங்கம் உண்டு. கனடாவின் காட்ரிச் ஊரில், ஹூரன் ஏரியின் அடியில், ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில் உலகின் மிகப் பெரிய உப்புச் சுரங்கம் அமைந்துள்ளது. பனிமய மாதாவின் நகரான தூத்துக்குடியில் வெயிலில் வெந்து உப்பு வாரும் உழைப்பாளர்களை நாம் அறிவோம். நமக்குச் சோற்றில் சுவை தரும் அதே உப்பு அங்கே சாலையில் உயிர் காக்கிறது.

எனினும் இந்த உதவிக்கு விலை உண்டு. உப்பு வண்டியின் அடிப்பகுதியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. பாலங்களின் கம்பிகளை அரிக்கிறது. சாலையோர மரங்களைக் கருக்குகிறது. ஏரியிலும் கிணற்றிலும் சேர்ந்து நன்னீரைக் கெடுக்கிறது. ஆதலால் ஜெர்மனியின் பெர்லின் உட்படப் பல நகரங்களில், வீட்டுக்காரர்கள் நடைபாதையில் உப்புத் தூவக் கூடாது என்று தடை விதித்திருக்கின்றனர். மணலோ பொடிக்கல்லோதான் தூவ வேண்டும்.

நிலத்தடி வெந்நீர்

இயற்கை தந்ததையே கருவியாக்கிக்கொண்ட நாடுகளும் உண்டு. ஐசுலாந்தின் தலைநகரான ரெய்க்யாவிக்கில் பூமிக்கு அடியிலிருந்து கிடைக்கும் வெந்நீரால் வீடுகளைச் சூடேற்றுகின்றனர். அவ்வாறு பயன்பட்டு, சற்றே சூடு குறைந்து வெளியேறும் நீரை வீணாக்காமல், நடைபாதைகளின் அடியில் பதித்த குழாய்களில் ஓடவிடுகின்றனர். மேலே விழும் பனி தானே உருகிவிடுகிறது.

ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் நாகஓகா என்னும் நகரம் உள்ளது. அங்கே 1961-இல் தெருவின் நடுவே குழாய் பதித்து, நிலத்தடி நீரைச் சிறு துளைகள் வழியே பீய்ச்சும் முறையைக் கையாண்டனர். குளிர்காலத்திலும் நிலத்தடி நீர் மிதமான வெப்பத்தோடு இருப்பதால் பனி கரைந்து ஓடுகிறது. பனி மிகுந்த பிற பகுதிகளுக்கும் இம்முறை பரவியது. நாளடைவில், அளவின்றி நீர் இறைத்த இடங்களில் நிலமே தாழ்ந்தது கண்டு கட்டுப்பாடுகள் விதிக்க நேர்ந்தது. ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பி வாழும் சென்னைவாசிகளுக்கு இச்செய்தியின் பொருளை விளக்கத் தேவையில்லை.

டயர்களைப் பற்றியும் ஜப்பானியர் ஒரு பாடம் கற்றனர். பனியில் பிடிப்புக் கிடைக்க, ஆணி பதித்த டயர்களை ஒரு காலத்தில் பயன்படுத்தினர். பனியில்லாத நாள்களில் அந்த ஆணிகள் தார்ச்சாலையைச் சுரண்டி ஊரெங்கும் தூசி கிளப்பின. மக்களின் மூச்சுக்குக் கேடு என்று கண்டு 1990-இல் அவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றினர். சுவீடன் நாட்டிலோ டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலையில் பனி உள்ள நாளில் குளிர்கால டயர் இன்றி வண்டி ஓட்டுவது குற்றம்.

மலைமேல் திறந்த கதவு

இயந்திரங்கள் வருமுன் என்ன செய்தனர்? சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே 2,469 மீட்டர் உயரத்தில் பெரிய புனித பெர்நார்து கணவாய் இருக்கிறது. வழிப்போக்கர் பனியில் புதைந்து மாள்வதைக் கண்டு மனமிரங்கிய புனித பெர்நார்து, பதினோராம் நூற்றாண்டில் அங்கே ஒரு விடுதியை நிறுவினார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகத் துறவிகள் அங்கே தங்கி, வருவோர்க்கெல்லாம் உணவும் உறையுளும் அளித்து வருகின்றனர். மூடுபனியில் வழி தவறியவர்களைத் தேடிச் செல்ல அவர்கள் வளர்த்த நாய்களை உலகம் அறியும். 1800-இல் பிறந்த பாரி என்னும் நாய் நாற்பது பேருக்கு மேல் உயிர் காத்தது என்பர். அதன் உடல் இன்றும் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. 1923-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அத்திருத்தந்தையே இளமையில் தேர்ந்த மலையேறி என்பது குறிப்பிடத்தக்கது.

1964-இல் அந்தக் கணவாயின் அடியில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் மேலே சாலை மூடியிருந்தாலும் கீழே வண்டிகள் தடையின்றிச் செல்கின்றன. நாய்களின் வேலை முடிந்தது; விடுதியின் வேலை முடியவில்லை.

நம் நாட்டின் பனிச்சாலைகள்

பனிச்சாலைகள் அயல்நாட்டில் மட்டுமல்ல, நம் நாட்டிலும் உண்டு. காசுமீரத்தையும் இலடாக்கையும் இணைக்கும் சோஜி லா கணவாய் 11,500 அடிக்கும் மேற்பட்ட உயரமுடையது. 1948-இல் அக்கணவாயைப் பகைவர் பிடித்திருந்தபோது, கோவேறு கழுதைகள் மட்டுமே செல்லக்கூடிய ஒற்றையடித் தடத்தை வண்டித் தடமாக்கியவர்கள் யார் தெரியுமா? மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் நம் தென்னாட்டுப் பொறியியற் படையின் இரண்டு பிரிவினரே. அவர்கள் அமைத்த வழியில் டாங்கிகள் ஏறிச் சென்று, 1948 நவம்பர் 1-ஆம் நாள் கணவாயை மீட்டன. அத்தனை உயரத்தில் டாங்கி வருமென்று எதிரி எண்ணியும் பார்த்திரான்.

1960 மே 7-ஆம் நாள் தோன்றிய எல்லைச் சாலைகள் அமைப்பு இன்று அந்தச் சாலைகளைப் பேணுகிறது. குளிர்காலத்தில் சோஜி லாவில் பல அடி உயரத்திற்குப் பனி சேரும். முன்பெல்லாம் அக்கணவாய் ஆண்டில் ஐந்தாறு மாதம் மூடிக் கிடந்தது. அமைப்பின் ஒரு பிரிவு சோனாமார்க் பக்கத்திலிருந்தும், மற்றொன்று திராஸ் பக்கத்திலிருந்தும் பனியை வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கும். இப்பணி விரைவுபட்டதன் விளைவாக, 2025-இல் 32 நாள் மட்டுமே மூடியிருந்து ஏப்பிரல் 1-இல் மீண்டும் திறந்தது.

இமாசலப் பிரதேசத்தின் இலாகுல் பள்ளத்தாக்கில் வாழ்வோரின் துன்பம் இன்னும் பெரியது. ரோத்தாங் கணவாய் மூடியதும் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் அவர்கள் உலகத்தினின்றும் துண்டிக்கப்பட்டனர். பேறுகால வேதனையோ, மாரடைப்போ எதுவாயினும் எலிகாப்டர் வந்தால்தான் பிழைப்பு. 2020 அக்டோபர் 3-ஆம் நாள் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகே அந்நிலை மாறியது.

இந்தச் சாலைகளுக்குச் சிலர் தம் உயிரையே விலையாகத் தந்திருக்கின்றனர். எல்லைச் சாலைகளில் உழைக்கும் தொழிலாளர் பலர், சார்க்கண்டு, பீகார் போன்ற வெயில் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். நம்மைப்போலவே பனியைக் கண்டறியாதவர்கள். 2025 பிப்ரவரி 28-ஆம் நாள், பத்ரிநாத் அருகேயுள்ள மாணா என்னும் சிற்றூரில், அவர்கள் தங்கியிருந்த முகாம்மேல் பனிச்சரிவு விழுந்தது. சிக்கியவர்கள் 54 பேர். படையினரும் மீட்புக் குழுவினரும் போராடி 46 பேரைக் காத்தனர். எண்மர் உயிர் நீத்தனர். நாம் சுற்றுலாப் படங்களில் கண்டு வியக்கும் வெண்பனிச் சாலைகள் ஒவ்வொன்றின் பின்னாலும் இத்தகைய கைகள் உள்ளன.

யாருடைய பாதை முதலில்?

பனியை அகற்றும் ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. எந்தச் சாலையை முதலில் அகற்றுவது என்னும் வினா எழும்; அது அறம் பற்றிய வினா. 1979 சனவரியில் சிகாகோ நகரத்தைப் பெரும்பனி மூடியது. சாலைகள் நாள்கணக்கில் அகற்றப்படாமல் கிடந்தன. நெரிசலைக் குறைக்க எண்ணி, நகர இரயில்கள் சில நிலையங்களில் நில்லாமல் சென்றன. அந்நிலையங்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தன. உறைபனியில் காத்து நின்றவர்கள் தம் கண் முன்னே இரயில் விரைந்து செல்வதைக் கண்டனர். அடுத்த மாதமே நடந்த கட்சித் தேர்தலில் நகரத் தலைவர் மைக்கேல் பிலாண்டிக் தோற்றார். அவரை வென்ற ஜேன் பர்ன் அம்மையார் அந்நகரின் முதல் பெண் மேயரானார்.

சுவீடனில் கார்ல்ஸ்கோகா என்னும் சிறு நகரம் 2011-இல் இதே வினாவை வேறு வகையில் எழுப்பியது. வழக்கமாகப் பெருஞ்சாலைகளில் முதலில் பனி அகற்றுவர். நடைபாதைக்குக் கடைசி இடம். காரில் செல்வோரில் ஆண்களே மிகுதி. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடப்போரும், பேருந்து நிலையம் நோக்கிச் செல்வோரும் பெரும்பாலும் பெண்களே. வழுக்கி விழுந்து எலும்பு முறிவோரும் நடந்து செல்வோரே. ஆகவே குழந்தைப் பள்ளிகளுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் செல்லும் நடைபாதைகளுக்கு முதலிடம் தந்தனர். தலைநகரான ஸ்டாக்ஹோமும் இதனைப் பின்பற்றியது. 2016 நவம்பரில் பெருமளவு பனி பொழிந்தபோது அந்நகரம் திணறி, ஏளனத்திற்கும் ஆளாயிற்று. எண்ணம் நல்லதாயினும் கருவியும் ஆளும் போதிய அளவு வேண்டும் என்பதே அதன் பாடம். எண்ணம் தவறு என்பதன்று.

தன் வாயிலைத் தான் துப்புரவாக்குதல்

அரசு எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. நியூயார்க் நகரில், பகல் வேளையில் பனி நின்றால் நான்கு மணி நேரத்திற்குள் வீட்டுக்காரர் தம் வீட்டின் முன்னுள்ள நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும், தவறினால் தண்டம். ஜெர்மனியிலும் இக்கடமை சட்டமாக உள்ளது. யாரேனும் அங்கே வழுக்கி விழுந்தால் வீட்டுக்காரரே பொறுப்பு. தனித்து வாழும் முதியோரின் வாயிலை அண்டை வீட்டு இளைஞர் சுத்தம் செய்து தருவது பல ஊர்களில் எழுதாச் சட்டம்.

பிள்ளைகளைக் காணச் செல்லும் நம் பெற்றோர்க்கு இங்கே ஒரு சொல். “நானும் கொஞ்சம் வாரிப் போடுகிறேனே” என்று மண்வாரியை எடுத்துவிட வேண்டாம். கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும். அந்நிலையில் பாரம் தூக்குவது இதயத்திற்கு ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். பனியில் புதைந்த காரை இயக்குமுன் அதன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும் என்பதும் அறிய வேண்டிய செய்தி. இல்லையேல் நச்சுப் புகை உள்ளே திரும்பி உட்கார்ந்திருப்போரின் உயிரைக் குடித்துவிடும்.

இரண்டு அங்குலம் போதும்

பனிக்குப் பழகாத ஊர்களின் கதை வேறு. 2009 பிப்ரவரி 2-ஆம் நாள் இலண்டனில் பனி பொழிந்ததும் நகரப் பேருந்துகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. 2014 சனவரி 28-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இரண்டு அங்குல அளவே பனி விழுந்தது. அலுவலகங்களும் பள்ளிகளும் ஒரே வேளையில் கலைய, அனைவரும் ஒருங்கே சாலையில் இறங்கினர். உப்புத் தூவும் வண்டிகளே அந்நெரிசலில் சிக்கின. பலர் இரவு முழுதும் காரிலேயே கழித்தனர். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளியிலேயே உறங்கினர். மறுபுறம், ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் பனி பொழியும் ஜப்பானின் சப்போரோ நகரில் இருபது இலட்சத்திற்குச் சற்றுக் குறைவான மக்கள் இயல்பாக வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே துன்பத்தை முடிவு செய்வது பனியின் அளவன்று, முன்னேற்பாட்டின் அளவே.

இவ்விடத்தில் நாம் நம் ஊரை எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு இறைவன் பனியைத் தரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தந்திருக்கிறான். 2015 டிசம்பரில் பெய்த பேய்மழையையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தையும் ஆதம்பாக்கமும் வேளச்சேரியும் மறக்கவில்லை. பெருமழை பெய்தால் தில்லை கங்கா நகர்ச் சுரங்கப் பாதையில் நீர் நிறைவதும் நாம் அறிந்ததே. பனி நாட்டார் கோடையிலேயே உப்பை வாங்கிக் குவிக்கின்றனர். இலையுதிர் காலத்திலேயே வண்டிகளைச் செப்பனிடுகின்றனர். வடிகாலைத் தூர்வாரும் வேலையை நாம் ஆடியில் முடித்தோமா, அல்லது ஐப்பசியில் தொடங்கினோமா? நம் வீட்டுக் குப்பை நம் தெரு வடிகாலின் வாயை அடைத்திருக்கிறதா? பெருஞ்சாலையில் நீர் வடிந்ததும் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோமா? அல்லது, ஏரிக்கரைச் சந்தின் கடைசி வீட்டில் முழங்கால் நீரில் நிற்கும் மூதாட்டியையும் கணக்கில் கொள்கிறோமா?

நாடு நகராட்சியைக் கேள்வி கேட்கட்டும், கேட்கவும் வேண்டும். சிகாகோ மக்கள் அவ்வாறே கேட்டனர். அதோடு, விடிந்ததும் தன் வாயிலைத் துப்புரவாக்கிவிட்டு, மண்வாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த வீட்டு முதியவரின் வாயிலுக்குச் செல்லும் அந்த ஊர் இளைஞனின் பழக்கத்தையும் நாம் கற்றுக்கொள்வோம். நம் கையில் இருப்பது பனி வாரும் கருவியன்று, ஒரு மண்வெட்டியே. அடுத்த மழைக்கு முன் தெருமுனை வடிகாலைத் திறந்து வைக்க அதுவே போதும்.